நீர்நாய்களும் பெயரில்லாத யோசனையும்

இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஒரு கிழட்டு நாரை. எத்தனையோ வருடங்களாக எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. ஆனாலும் நாரை சொன்னபடியே சொல்கிறேன்.

காட்டுக்குள் ஒரு பெரிய குளம் இருந்தது. அதன் மண்கரையில் வளை தோண்டி ஒரு நீர்நாய்க் கூட்டம் வாழ்ந்தது. பகலெல்லாம் நீச்சல், மீன், கும்மாளம். சாயங்காலமானால் அவை ஒன்றையொன்று கூப்பிடும் சத்தம் தூரத்துப் புதர்க்காடு வரை கேட்கும்.

அந்தப் புதர்க்காட்டில் ஓர் அழுங்கு தனியாக இருந்தது. உடம்பெல்லாம் செதில். நீண்ட நாக்கு. கறையான்தான் அதன் சாப்பாடு. யாராவது அருகில் வந்தால் பயந்து பந்தாகச் சுருண்டுவிடும். மறுபடி விரிந்து பார்க்கும்போது வந்தவர் போயிருப்பார். அதனால் சாயங்காலங்களில் அது செய்வது ஒன்றுதான்: நீர்நாய்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது.

ஒரு கோடையில் குளத்தின் கரை கசியத் தொடங்கியது. நீர்நாய்கள் களிமண் பூசின. கரைந்துபோனது. கல் அடுக்கின. சரிந்துபோனது.

"நம் மூளை போதாது. காட்டையே கேட்போம்!" என்றது தலைவன்.

மைனா பறந்து பறந்து அறிவித்தது. "கரையைக் காக்க வழி சொல்லுங்கள்! மருதமரப் பொந்தில் வாய் வைத்துச் சொல்லிவிட்டுப் போங்கள். பெயர் வேண்டாம்! பெரியவர் சிறியவர் பார்க்க மாட்டோம், யோசனையைத்தான் பார்ப்போம். பலித்தால், சொன்னவருக்கு எங்கள் கரையிலேயே ஒரு வளை!"

கரையில் ஒரு வளை! அழுங்கு அன்றே புறப்பட்டது.

மரத்தடியில் கூட்டம்.

"டேய், பலாப்பழம் ஒன்று நடந்து வருது பாருங்கடா!" என்றது குரங்கு.

"பழமா, பிஞ்சா? தட்டிப் பாரு!" என்றது நரி.

எல்லோரும் சிரித்தார்கள். அழுங்கு சுருளவில்லை. தன் முறை வரும்வரை நின்று, பொந்தில் வாய் வைத்தது.

"புற்றுமண்ணைக் குழைத்துப் பூசுங்கள். மழைக்கும் கரையாது. ஆனால்..."

பொந்தின் மறுபக்கம் காது கொடுத்திருந்த நீர்நாய் துள்ளிக் குதித்தது. "கிடைத்துவிட்டது! புற்றுமண்!" என்று கத்திக்கொண்டே ஓடிவிட்டது.

கேட்க ஆளில்லாத பொந்துக்குள் அழுங்கு மீதியையும் சொல்லி முடித்தது. "ஆனால், மண்ணோடு கறையானும் வரும். உள்ளே இருந்தே கரையைத் தின்னும். பயப்பட வேண்டாம். நான் அங்கே குடிவந்ததும் அதைப் பார்த்துக்கொள்கிறேன்."

மரத்தடி ஓடையில் மீனுக்காக நின்றிருந்த நாரை மட்டும் அதைக் கேட்டது.

நீர்நாய்கள் புற்றுமண் பூசின. கசிவு நின்றது. கரையில் ஒரே கொண்டாட்டம்; நாரையும் வந்திருந்தது.

"யோசனை சொன்னவர் முன்னால் வரலாம்!" என்றது தலைவன்.

"நான்தான்!" என்றது குரங்கு.

"அவன் கிடக்கிறான், நான்தான்!" என்றது நரி.

"சொல்லவில்லையே தவிர, நானும் அதைத்தான் நினைத்தேன்!" என்றது முயல்.

கூட்டத்தின் பின்னாலிருந்து அழுங்கு மெதுவாகச் சொன்னது: "ஐயா, நான்தான்."

"நீயுமா!" மறுபடியும் சிரிப்பு.

தலைவன் கையமர்த்தியது. "பெயர்தான் கேட்கவில்லையே, யாரை நம்புவது? ஆகவே இது காட்டின் யோசனை! எல்லோருக்கும் நன்றி! வளை எங்களிடமே இருக்கட்டும்." ஆளுக்கொரு தாமரை இலை கொடுத்தது.

"ஐயா, அந்த யோசனையில் இன்னும் பாதி இருக்கிறது..."

"அடுத்த தடவை பொந்தில் வந்து சொல்லப்பா!"

அழுங்கு இலையைக் கரையிலேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தது. நீர்நாய்கள் ஒன்றையொன்று கூப்பிடத் தொடங்கியிருந்தன. அது ஒரு தடவைகூட நின்று பார்க்கவில்லை.

"அதற்குத் தனிமைதான் பிடிக்கும்போல" என்று நாரை இந்த இடத்தில் சொல்லும்.

ஐப்பசி மழையில் குளம் நிரம்பியது. கறையான் அரித்துச் சல்லடையாகிப் போயிருந்த கரை படாரென்று உடைந்தது. வளைகள் எல்லாம் வெள்ளத்தோடு போயின. தப்பிய நீர்நாய்கள் மருதமரத்துக்கு ஓடின. தலைவன் பொந்தில் காது வைத்தது. உள்ளே காற்றுதான் இரைந்தது. யாரையாவது தேடிப் போகலாம் என்றாலோ, யாரைத் தேடுவது என்று அதற்குத் தெரியவில்லை.

யோசனையை மட்டும் வாங்கிக்கொண்டு யோசித்தவரை வாசலில் நிறுத்துகிறவர்களுக்குப் பாதி யோசனைதான் கிடைக்கும்.

நாரை எப்போதும் இந்த நீதியோடு கதையை முடித்துவிட்டுச் சிறகைக் கோதிக்கொள்ளும். போன மாசியில்தான் அதனிடம் கேட்டேன்: "நாரையாரே, பொந்தில் சொன்னது யார் என்று உங்களுக்குத் தெரியுமே. அழுங்கு திரும்பிப் போனபோது, கூட நாலடியாவது நடந்தீர்களா?"