ஒரே கண்ணால் பார்த்த இருவர்

ஒரே கண்ணைக் கொண்டு இருவர் பார்த்தார்கள். ஒருவருக்குத் தெரிந்தது, மற்றவருக்குத் தெரியவில்லை. அது எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

திருநெல்வேலியில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஸ்கேன் படம் பார்த்துச் சொல்பவள் டாக்டர் வடிவு. தலைக்குள் இருக்கும் கட்டி புற்றா, வெறும் கட்டியா என்பதில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. துளி சந்தேகம் இருந்தாலும், "எதுக்கும் சதை எடுத்துப் பாத்திருவோம்" என்பாள். யார் அழுதாலும் மசியமாட்டாள்.

அவளுக்கு ஒரு சிஷ்யப்பிள்ளை வாய்த்தது. மனிதப் பிள்ளையன்று, கம்ப்யூட்டர். ஆயிரக்கணக்கான படங்களில் வடிவு கோடிட்டுக் காட்டியதைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டது. வேறு வாத்தியார் அதற்கு இல்லை. பெயரையும் ஊரையும் நீக்கிய பிறகே படத்தை அதற்குக் காட்டவேண்டும் என்பது விதி. சில நேரம் அது வீணாகப் பயமுறுத்தவும் செய்யும். அப்போதும் வடிவு சிரித்துக்கொண்டே சதையை எடுத்துப் பார்க்கச் சொல்லிவிடுவாள்.

ஒருநாள் தீராத தலைவலி என்று தங்கை உலகம்மை வந்தாள். தாயில்லாப் பிள்ளை, வடிவு இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

"நீ பாத்துச் சொன்னா போதும்க்கா. எனக்கு வேற யாரும் வேண்டாம்."

படத்தைக் கண்ட கம்ப்யூட்டர் புற்று என்றது. வடிவு வெகுநேரம் பார்த்தாள். "வெறும் கட்டிதாம்மா. இது சும்மா பயங்காட்டுது. ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம்" என்றாள். பொய் சொல்லவில்லை; மனமார நம்பித்தான் சொன்னாள்.

கட்டி ஆறு மாதம் காத்திருக்கவில்லை. உலகம்மை போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்த அன்று அவள் கணவன் பரமசிவன் கேட்டான்: "மிஷினுக்குத் தெரிஞ்சது ஒங்களுக்குத் தெரியலையா மைனி?"

வடிவு வாய்விட்டுக் கதறினாள். நீங்கள் சொல்லுங்கள்: வடிவின் கண்ணால் மட்டுமே பார்க்கக் கற்ற கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது, வடிவுக்கு ஏன் தெரியவில்லை?

விடை: தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்று சொல்லிவிடாதீர்கள். இங்கே குட்டி ஓரடிகூட அதிகம் பாயவில்லை. வடிவு கற்றுக்கொடுத்ததைத்தான் சொன்னது. ஆனால் அது பார்த்த படத்தில் பெயர் இல்லை. வடிவு பார்த்த படத்தில் இருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அந்தத் தலையில் சதை எடுக்க ஊசி இறக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வாய் வராததைக் கண்ணும் பார்க்க மறுத்துவிட்டது. முன்பின் தெரியாத எவளோ ஒருத்தியாக வந்திருந்தால் உலகம்மை பிழைத்திருப்பாள். அக்காவே காப்பாற்றியிருப்பாள்.