இலுப்பைக்கு மூன்றடி

மரக்கடையில் இருபது வருஷம் பேரம் பேசிப் பழுத்த நாக்கு அருளப்பனுடையது. அவருக்கு மரம் என்றால் அடிமரம். சுற்றளவு, நீளம், அதோடு சரி. கடையை மூடிவிட்டு, கட்டடம் எழும்பும் மனைகளில் மரக் கணக்கெடுக்கும் சூடாமணியிடம் தொழில் கற்க வந்திருந்தார். அந்தம்மாள் அவரைவிட ஏழு வயது இளையவர்.

அன்றைய மனையின் நடுவில் ஓர் இலுப்பை நின்றது. கட்டட அனுமதிக்கு மரத்தைப் பற்றிய அறிக்கை வேண்டும். தரைக்கடியில் கார் நிறுத்த இடம் வேண்டும், மரத்தை எடுத்துவிடலாம் என்றார் இன்ஜினியர் வரதன். அருளப்பன் விடவில்லை. மரம் அறுத்தே வயிறு வளர்த்த ஆள் மரத்துக்கு வக்காலத்தா என்று வரதன் குத்திக் காட்டியும் விடவில்லை. இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி, அடிமரத்தைச் சுற்றி மூன்றடி விட்டுத்தான் தோண்டுவது என்று சம்மதிக்க வைத்தார். 'மரம் பாதுகாக்கப்படுகிறது' என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, ஜெயித்த முகத்தோடு சூடாமணியிடம் நீட்டினார்.

சூடாமணி படித்தார். முகம் இறுகியது.

"ஏம்மா, மரத்தைக் காப்பாத்தினது தப்பா?"

சூடாமணி அவரை உச்சி வெயிலில் நிற்கச் சொன்னார். சுண்ணாம்புப் பொடியை அள்ளி, அவர் பாதங்களை ஒட்டி ஒரு வட்டம் போட்டார். அவருடைய தண்ணீர் பாட்டிலையும் தூக்குவாளியையும் பத்தடி தள்ளி வைத்தார்.

"வட்டத்துக்குள்ள உங்களை யாரும் தொட மாட்டாங்க அண்ணாச்சி. வெளியே மட்டும் வராதீங்க."

வரதன் சிரித்தார். அருளப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அரைமணியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கேட்டார். அது வட்டத்துக்கு வெளியே இருக்கிறதே என்றார் சூடாமணி. அருளப்பனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்னைத் தொடலைன்னா ஆச்சா? குடிக்கிற தண்ணி அங்கல்ல இருக்கு."

சொன்ன வாய் மூடவில்லை. மெல்லத் திரும்பி இலுப்பையைப் பார்த்தார். அடிமரத்துக்கு மூன்றடி தள்ளி, தோண்டும் இயந்திரம் கையை ஓங்கிக்கொண்டு நின்றது.

சூடாமணி அறிக்கையை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"வெட்டினா இன்னைக்கே ஊர் கேக்கும். வேரை அறுத்தா இது மூணு வருஷம் நின்னுக்கிட்டே காயும் அண்ணாச்சி. யார் கொன்னதுன்னு கேட்டா, இன்ஜினியர் உங்க கையெழுத்தைத்தான் காட்டுவார்."

அருளப்பன் காகிதத்தை நாலாகக் கிழித்தார். சுண்ணாம்புப் பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு இலுப்பையின் நிழல் முடியும் இடம்வரை நடந்தார். அதையும் தாண்டி நாலு எட்டு வைத்தார். அங்கே குனிந்து கோடு இழுக்கத் தொடங்கினார்.

இது என்னய்யா புதுப் பேரம் என்று கத்தினார் வரதன்.

அருளப்பன் நிமிரவில்லை.