திறக்காத லேகியச் சாடி

முன்னொரு காலத்தில், பெயர் மறந்துபோன ஒரு தேசத்தை ஆண்ட ராஜாவுக்குப் பகைவர்களைவிடத் தராசைக் கண்டால்தான் பயம் அதிகம். பிறந்தநாள்தோறும் ராஜா கோயிலில் துலாபாரம் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். ஒரு தட்டில் ராஜா, மறு தட்டில் வெல்லம். போன வருஷம் வண்டியில் வந்த வெல்லம் முழுவதையும் ஏற்றியும் ராஜாவின் தட்டு அசையவில்லை. கடைத்தெருவுக்கு ஆள் ஓடினான். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ராஜாவின் காதிலேயே குடியிருந்தது.

இதைத் தெரிந்துகொண்ட தளவாய் அனந்தப்பர், சந்தையில் மெலிவு லேகியம் விற்ற குப்பாண்டியை அரண்மனைக்கு அழைத்து வந்தார்.

"சாமி, சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம், உடம்பை அசைக்க வேண்டாம். காலையில ஓர் உருண்டை போதும். தொப்பை தானா ஓடிடும்" என்றான் குப்பாண்டி.

தொப்பை ஓடவில்லை, ராஜாதான் கொல்லைப்புறத்துக்கு ஓடினார். சில நாளில் தராசில் எடை குறைந்தது என்னவோ உண்மை. சபையே கைதட்டியது. அன்று மதியம் தாகம் தாங்காமல் செம்பு செம்பாக நீர்மோர் குடித்தார், எடை பழையபடி திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. மறுநாள் சிம்மாசனப் படியிலேயே மயங்கிச் சரிந்தார்.

தாங்கிப் பிடித்தவன் விகடகவி பூவராகன். ராஜாவின் நெஞ்சு தறிகெட்டு அடித்தது. ஊரையே சிரிக்க வைக்கும் பூவராகனுக்கு அப்போது அழுகைதான் வந்தது. அவனுக்கு ராஜாமேல் உயிர்.

"மகாராஜா, இந்த லேகியம் தங்கள் உயிரைக் குடித்துவிடும். விட்டுவிடுங்கள்."

"துலாபாரத்துக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது, பூவராகா. அந்தச் சிரிப்பை மறுபடி கேட்டால் அதிலேயே நான் செத்துப்போவேன்."

குப்பாண்டியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் தலையைச் சொறிந்தான். "வீரியம் பத்தல சாமி. இரட்டிப்பு வீரியத்துல கிண்டித் தர்றேன். கூடவே காலையும் மாலையும் கோட்டையைச் சுத்தி நடக்கணும். ராத்திரிக்குக் கேழ்வரகுக் கஞ்சி. பலகாரம் கூடாது. அப்பத்தான் லேகியம் பிடிக்கும்."

பூவராகன் காதைத் தீட்டிக்கொண்டான். உடம்பை அசைக்க வேண்டாம் என்றவன்தானே இவன்!

பூவராகனை ஒழித்துக்கட்டச் சமயம் பார்த்திருந்த தளவாய் முன்னால் வந்தார். "மகாராஜா, லேகியத்தைப் பழிக்கும் இவனிடமே சாடியை ஒப்படையுங்கள். எங்கேனும் கொட்டிவிட்டால் தலையை வாங்கிவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. "பூவராகா, பத்தியம் எதுவும் தவறக் கூடாது. சாடியில் ஒரு குன்றிமணி அளவு குறைந்தாலும் உன் தலை இருக்காது."

"ஒரு குன்றிமணிகூடவா, மகாராஜா?"

"கூடாது என்றால் கூடாது!"

தளவாயும் பலமாகத் தலையாட்டினார். தன் வாய்க்குப் போவதைக் கழித்துச் சொல்ல ராஜாவுக்குத் தோன்றவில்லை. பூவராகன் அதை நினைவூட்டவும் இல்லை. குப்பாண்டி கிண்டித் தந்த புது லேகியச் சாடிக்கு அரக்கு முத்திரை வைத்துப் பரணில் ஏற்றினான்.

மறுநாள் முதல் இஞ்சியும் வெல்லமும் வேப்பங்கொழுந்தும் இடித்து உருண்டை பிடித்து, லேகியம் என்று கொடுத்தான். ராஜா முகத்தைச் சுளித்து விழுங்கினார். கோட்டையைச் சுற்றி இருவரும் நடந்தார்கள். ராஜா மூச்சிரைத்தார், திட்டினார், ஓர் அதிரசத்துக்காகக் கெஞ்சியும் பார்த்தார். பூவராகன் மசியவில்லை.

துலாபாரத்தன்று வண்டி வெல்லம் தீருமுன்பே ராஜாவின் தட்டு மேலே எழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. ராஜாவின் கண் கலங்கிவிட்டது. "குப்பாண்டியே இனி அரண்மனை வைத்தியன்!" என்று சபைக்குத் திரும்பி, அவனை வரவழைத்து அறிவித்தார்.

அத்தோடு விட்டிருந்தால் தளவாய் பிழைத்திருப்பார். பூவராகனின் தலை மேல் இருந்த ஆசை விடவில்லை. அன்று காலைதான் ஆள்விட்டுப் பரணைச் சோதித்து, சாடியை எடுத்து வரச் செய்திருந்தார். அதைச் சபை நடுவே வைத்தார்.

"மகாராஜா, மோசம்! முத்திரை உடையவே இல்லை. இந்த இரண்டு மாதமும் தாங்கள் லேகியம் உண்ணவே இல்லை. இவன் ஏமாற்றிவிட்டான்!"

ராஜாவின் முகம் சிவந்தது. "உண்மையா, பூவராகா?"

"உண்மைதான், மகாராஜா. ஒரு குன்றிமணியும் குறையக் கூடாது என்பது தங்கள் ஆணை. குறையவில்லை. நடையும் கஞ்சியும் தவறவில்லை. எடையைக் குறைத்தது லேகியம் இல்லை என்று நான் சொன்னால் நம்பியிருக்க மாட்டீர்கள். தளவாயே சாட்சி சொல்லிவிட்டார்."

ராஜா சாடியின் முத்திரையை உடைத்து ஓர் உருண்டை உருட்டிக் குப்பாண்டியிடம் நீட்டினார். "தின்னு."

குப்பாண்டி காலில் விழுந்தான். "வேண்டாம் சாமி! பேதிக்குக் குடுக்கிற நேர்வாளம் அதுல ரெண்டு பங்கு இருக்கு. இதைத் தின்னா நான் பிழைக்க மாட்டேன்."

ராஜா தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிடிக்க முன்போல் அவ்வளவு வயிறு இல்லை. குப்பாண்டியை ஊரைவிட்டு விரட்டச் சொன்னார். தளவாயை அந்தச் சாடிக்கு ஆயுள் காவல் போட்டார்.

"பூவராகா, நான் இழந்த எடைக்கு எடை உனக்குப் பொன். இப்போதே நிறுத்து வாங்கிக்கொள்."

பூவராகன் கைகட்டி நின்றான். "என்ன அவசரம், மகாராஜா? அடுத்த பிறந்தநாளில் வாங்கிக்கொள்கிறேன். நாளைக் காலை நடக்கப் போக வேண்டுமே, செருப்பை எடுத்து வைக்கட்டுமா?"