அடுப்பு வாயில் ஓர் ஊதுபத்தி

குன்னூர்த் தேயிலைத் தோட்டத்தில் எண்ணூறு பேரை மிரட்டுகிற மேனேஜர் குலசேகரன், குளிருக்குப் பயந்து தன் பங்களா விருந்தறையின் ஜன்னல் இடுக்கெல்லாம் காகிதம் திணித்துவிட்டார். அறையைச் சூடாக்கும் நிலக்கரி அடுப்பு புகைந்தது. திட்டு சமையல்காரி மாதிக்கு.

"ஜன்னலைத் திறக்கக் கூடாது, புகையும் வரக் கூடாது. முடியலன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

விருந்தாளிகள் இருமிக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். மாதி ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பு வாயில் பிடித்தாள். அதன் புகை அறைப்பக்கமே வந்தது.

"ஐயா, வெளியே போய்ப் புகைபோக்கியைக் கொஞ்சம் பாருங்க."

அவர் கதவை விரியத் திறந்துபோட்டுப் போனார். காற்று உள்ளே வந்ததும் ஊதுபத்திப் புகை வளைந்து அடுப்புக்குள் ஓடியது.

"மேலே நல்லாத்தானே போகுது" என்று வந்து கதவைச் சாத்தினார். புகை அவர் முகத்துக்கே திரும்பியது.

"ஜன்னலைத் திறக்கவே வேண்டாங்க" என்றாள் மாதி. "ஐயா கதவைத் திறந்துவச்சிட்டு வெளியிலேயே நின்னாப் போதும்."