வால் தொங்கிய கீரி

மருதங்கோட்டைப் படைக்கு வாளைக் கவ்விய கீரிதான் சின்னம். ஒரு ஏமாற்றுக்காரன் அந்தக் கீரியைத் தன் தலைப்பாகையில் வரைந்துகொண்டான். நான் படைவீரன் என்று சொல்லிச் சத்திரம் சத்திரமாய் நெய்ச்சோறு தின்று திரிந்தான். ஒருநாள் பிடிபட்டான். அவனை உதைத்து அனுப்பியதோடு விட்டிருக்கலாம். தளபதி உடையணனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. படையில் இல்லாத எவரும் கீரியை வரையக்கூடாது, யாரையும் வரையச் சொல்லவும் கூடாது, மீறினால் குடியிருக்கும் வீடு பறிமுதல் என்று மன்னர் விசயமாறனிடம் சட்டம் வாங்கிவிட்டார்.

ஒரே மாதத்தில் பூவாயி மாட்டினாள். கைக்குழந்தைக்காரி. அவள் புருசன் முனியன் எல்லையில் படையோடு இருந்தான். பெற்ற பிள்ளையை அவன் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அப்பன் மடிதான் கிடைக்கவில்லை, அப்பன் படையின் கீரி மடியிலாவது பிள்ளை தூங்கட்டும் என்று, மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துத் தூளிச் சேலையில் வரைந்து வைத்தாள். காவலர்கள் தூளியை அவிழ்த்துக்கொண்டு அவளையும் சபைக்கு இழுத்து வந்தார்கள். இடுப்பில் இருந்த பிள்ளை வழியெல்லாம் அழுதது.

மன்னருக்கு யோசனை சொல்வதும் அவரைச் சிரிக்க வைப்பதும் சொக்கப்பன் வேலை. அன்றைக்கு அவனுக்கே சிரிப்பு வரவில்லை. வீடும் போய்விட்டால் இந்தப் பிள்ளைக்குத் தூளியை எங்கே கட்டுவாள் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. தூளியை வாங்கி விரித்தான். கீரியின் வால் கீழே தொங்கியது. சிம்மாசனத்துக்குப் பின்னால் இருந்த படைக்கொடியை அண்ணாந்து பார்த்தான். அங்கே வால் விறைப்பாய் மேலே நின்றது.

"ஏம்மா, எதைப் பார்த்து வரைஞ்சே?"

"எங்க தெருமுனைச் சுவரைப் பாத்துங்க. கீழே என்னமோ எழுதியிருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது. கீரி அழகா இருந்துச்சு."

தளபதி தொண்டையைச் செருமினார். அது அவர் வைத்த அறிவிப்புதான். மேலே இதேபோல் வால் தொங்கிய கீரியை வரைந்து, கீழே 'இதை யாரும் வரையக்கூடாது' என்று எழுதி, ஊரில் எழுபது சுவர்களில் போட்டிருந்தார்.

சுவர்களில் வரைந்தது யார் என்று சொக்கப்பன் கேட்டான். வெள்ளையடிப்பவன் என்றார் தளபதி. அவன் படையில் இருக்கிறானா என்று கேட்டான். இல்லை என்று முனகினார் தளபதி.

சொக்கப்பன் மன்னர் பக்கம் திரும்பினான். "மன்னா, வால் தொங்கினாலும் இது நம் படைக்கீரிதான் என்றால், எழுபது இடத்தில் வரையச் சொன்னவர் வீட்டை முதலில் எடுப்போம். பூவாயி வரைந்தது ஒன்றே ஒன்று, அவள் வீட்டைப் பிறகு பார்க்கலாம். வால் தொங்குவது நம் கீரி இல்லை என்றால், அவள் வரைந்தது ஏதோ காட்டுக்கீரி. தளபதியாரே சொல்லட்டும், இது நம் கீரிதானா?"

தளபதி கொடியைப் பார்த்தார். தூளியைப் பார்த்தார். போன தையில் கட்டி முடித்த தன் மாடி வீட்டை நினைத்தார்.

"நம் கீரி இல்லை" என்றார், மீன்முள் சிக்கிய குரலில்.

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். சட்டத்தையும் அங்கேயே மாற்றினார். கீரியை யாரும் ஆசைக்கு வரைந்துகொள்ளலாம். அதைக் காட்டிப் படைவீரன் என்று ஏய்ப்பவனுக்குத்தான் தண்டனை. பூவாயிக்குத் தூளியோடு ஒரு பட்டுச்சேலையும் கிடைத்தது. பிள்ளையைப் பார்க்க முனியனுக்கு ஒரு மாத விடுப்பு. சொக்கப்பனுக்குத் தன் கைக்காப்பையே கழற்றிக் கொடுத்தார் மன்னர்.

"புதுச் சட்டத்தையும் அந்த எழுபது சுவர்களில் எழுதிப் போடுங்கள், படத்தோடு" என்றார்.

"போடலாம் மன்னா" என்றான் சொக்கப்பன். "இந்த முறை தளபதியாரே வரையட்டும். வால் எந்தப் பக்கம் என்று இன்றைக்குத்தானே அவர் பார்த்திருக்கிறார்."