ரம்பம் போன வழி

"இந்தப் பலகை கிட்டார் கழுத்துக்கு ஆகுமா டீச்சர்?"

மிக்கேல் தோளிலிருந்த பலகையை இறக்கிப் பட்டறை மேசைமேல் வைத்தார்.

எமில்டா டீச்சர் பலகையைத் தொடவில்லை. பார்த்தார்.

"ஏது அண்ணாச்சி?"

"எங்க வீட்டு மரம். ரீகன் நட்டது."

ரீகன் மிக்கேலின் மகன். மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தவன். ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவன் ஒரு மகோகனிக் கன்று கொண்டுவந்து வாசலில் வைத்தான். அவன் போன மறு வருஷம் அடித்த புயலில் அந்த மரமும் சாய்ந்தது. மிக்கேல் அதை அறுத்து, கட்டிலுக்கு அடியில் வைத்துக் காயப்போட்டிருந்தார்.

ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் அவர். டீச்சரைவிட வெகுவாக மூத்தவர். மகனுக்குப் பிறகுதான், கிட்டார் செய்யக் கற்றுக்கொடுங்கள் என்று தூத்துக்குடியின் அந்த மாடிப் பட்டறைக்கு ஏறி வந்தார்.

கிட்டாரின் வயிற்றுப் பெட்டியைச் செய்து முடித்துவிட்டார். இனி கழுத்து.

டீச்சர் உளியை எடுத்து நீட்டினார்.

"ஓரத்துல ஒரு சிராய் பிளந்து பாருங்க."

"பிளக்கணுமா?"

"கழுத்துக்குன்னா பிளந்துதான் பாக்கணும். உள்ள வரி சாஞ்சு ஓடுனா கழுத்து முறுக்கிக்கும்."

மிக்கேல் உளியை வாங்கிக்கொண்டார். பலகையின் ஓரத்தில் வைத்தார். எடுத்தார்.

"அவன் நட்டது டீச்சர்."

"ம்."

உளியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பலகையைச் சுவரில் சாய்த்தார். அன்றைக்கு வேறு வேலை பார்த்தார்.

மறுநாள் டீச்சர் வருவதற்கு முன்பே மிக்கேல் வந்திருந்தார். பலகையை இழைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். தரையெல்லாம் சுருள் சுருளாகச் சீவல்.

"இப்போ பாருங்க. வரி எல்லாம் கோடு கிழிச்ச மாதிரி ஓடுது. பிளக்கவே வேண்டாம்."

டீச்சர் ஒரு வரிமேல் விரலை ஓட்டினார்.

"இது ரம்பம் போன வழி அண்ணாச்சி."

"அப்போ?"

"மரம் போன வழி உள்ள இருக்கு."

மிக்கேலுக்குக் கோபம் வந்தது. அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. துணியை எடுத்து, துடைத்த பலகையையே திரும்பத் துடைத்தார்.

"நான் இதை வச்சே செய்யப் போறேன். முறுக்குனா முறுக்கிட்டுப் போகுது. என் கிட்டாருதானே?"

"யாரு வாசிக்கப் போறா?"

"ஷீலா. ரீகன் இடத்துல இப்போ அந்தப் பிள்ளைதான் வாசிக்குது."

"பூசையில பாட்டு நடுவுல சுருதி பிசகுனா, எல்லாரும் யாரைத் திரும்பிப் பாப்பாங்க?"

மிக்கேல் துடைப்பதை நிறுத்தினார்.

அன்று சாயங்காலம் பலகையைச் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அவர் மனைவி மெர்சலின் வாசலில் உட்கார்ந்து சாளை மீன் அரிந்துகொண்டிருந்தார்.

"என்ன, திருப்பிக் கொண்டாந்துட்டீங்க?"

"பிளந்து பாக்கச் சொல்லுதாங்க."

"முழுசாவா?"

"ஒரு சிராய்."

"அதுக்கென்ன?"

"உனக்கு மனசு வருமா?"

மெர்சலின் இன்னும் இரண்டு மீன்களை அரிந்து சட்டியில் போட்டார்.

"நீங்க ராத்திரி வண்டிய ஓட்டிட்டுக் காலையில வந்து படுப்பீங்க. கதவு வழியா வெயிலு உங்க மூஞ்சியில அடிக்கும். அதுக்குத்தான் அந்தக் கன்னைக் கொண்டாந்து வச்சான்."

"அவனா சொன்னான்?"

"எங்கிட்டச் சொன்னான்."

"எங்கிட்டச் சொல்லலியே."

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

மிக்கேல் மரம் நின்ற இடத்தைப் பார்த்தார். அங்கே இப்போது மண்தான்.

"உங்களுக்கு நிழலு வேணும்னு அவனுக்கு இருந்துச்சு, வச்சான்," என்றார் மெர்சலின். "கிட்டாரு ஆகணும்னு அவன் கேக்கல. நீங்கதான் கேக்கீங்க."

பூனை ஒன்று சட்டியை நெருங்கியது. அவர் அதை விரட்டிவிட்டு, மீனைக் கழுவ உள்ளே போனார்.

காலையில் மிக்கேல் பட்டறைக்கு வந்து, யாரும் சொல்லாமலே உளியை எடுத்தார். பலகையின் முனையில் வைத்தார். கொட்டாப்புளியால் ஒரு தட்டு தட்டினார்.

சிராய் பிரிந்தது.

நேராகப் பிரியவில்லை. கொஞ்ச தூரம் ஓரத்தோடு ஓடி, பிறகு மெல்லச் சாய்ந்து, விளிம்பைத் தாண்டி வெளியே போய் முடிந்தது.

மிக்கேல் பலகையைத் திருப்பி மறுமுனையிலும் வைத்துத் தட்டினார். அதுவும் அப்படியே சாய்ந்துகொண்டு போனது.

அந்தச் சிராயை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"முறுக்கியிருக்கு," என்றார்.

"ஆமா."

"வாசலுக்கு நேரா கடலு. எந்நேரமும் காத்துதான்."

"காத்துலயே வளந்த மரம்."

"கழுத்துக்கு ஆகாது."

"ஆகாது."

மிக்கேல் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பலகை மடியில் இருந்தது. தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

"உங்களுக்கு முதல்லயே தெரியுமா டீச்சர்?"

"பாத்ததுமே சந்தேகம்தான்."

"அப்பவே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே."

"உங்க மரம் அண்ணாச்சி. அதை நான் எப்படி வேண்டாம்னு சொல்லுவேன்?"

அவர் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையில் ஒட்டியிருந்த மரத்தூள் இமையில் ஒட்டிக்கொண்டது.

"இதுல ஒரு பெஞ்சு அடிச்சு வாசல்ல போட்டுக்கிடுதேன்."

"ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம்."

கொஞ்ச நேரம் கழித்து மிக்கேல் எழுந்து, சுவரோரம் டீச்சர் அடுக்கி வைத்திருந்த பலகைகளிடம் போனார். ஒன்றைத் தூக்கினார், கனம். வைத்தார். இன்னொன்றில் கணு இருந்தது. மூன்றாவதை ஒரு முனையில் பிடித்துத் தொங்கவிட்டு, விரலை மடக்கித் தட்டினார். காதைக் கொடுத்துக் கேட்டார். மறுபடி தட்டினார்.

மேசைக்குக் கொண்டுவந்து உளியை வைத்தார்.

சிராய் ஓரத்தை விட்டு விலகாமல், நூல் உருவின மாதிரி, அடிவரை வந்தது.

டீச்சர் பென்சிலை எடுத்து நீட்டினார், கழுத்துக்கு அளவு வரைய.

மிக்கேல் பென்சிலை வாங்கவில்லை. பிளந்த இடத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"இது எங்க நின்ன மரம் டீச்சர்?"

"தெரியல அண்ணாச்சி. மரக்கடையில கிடந்துச்சு, வாங்கினேன்."

"யாரு வீட்டு வாசல்ல நின்னுச்சோ," என்றார் மிக்கேல்.