ஏழாவது தாள்

சுவாச நோய்ப் பிரிவில் ஒரு வேடிக்கை உண்டு. குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்தொன்று. பேனா ரீஃபில் தடிமனே உள்ள குழாயை மூக்கு வழியே விட்டு, நுரையீரலின் கடைசிக் கிளைவரை போய் வருபவர் டாக்டர் மெஹருன்னிசா. அந்த வித்தையைக் கற்க வந்தவர் டாக்டர் சவரிமுத்து. வாதத்தில் மட்டும் அவர் யாருக்கும் சீடரல்ல.

உப்பளத்துப் பொன்னுத்தாயின் ஸ்கேனில், நுரையீரல் ஓரத்தில் சுண்டைக்காயளவு நிழல்.

"உள்ள ஒருத்தி இருக்கா டாக்டர். நான் மூச்சு வாங்குமுன்ன அவ வாங்கிருதா."

சவரிமுத்து சிரித்தார். முன்பு இரண்டு டாக்டர்கள் 'பதற்றம்' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். பெண்பிள்ளை மூச்சு முட்டுது என்றால் எல்லார் கையிலும் தயாராக இருக்கும் சொல் அதுதானே!

அவர் தனியாகவே குழாயைச் செலுத்தினார். அவள் மூச்சு விட, வழி மூடியது. இழுக்க, திறந்தது. ஏழாவது கிளையில், அவள் இழுக்குமுன்பே ஒருமுறை திறந்தது போலிருந்தது. சட்டென்று சதைத் துணுக்கு ஒன்றைக் கிள்ளிக்கொண்டு வெளியேறினார்.

நான்காம் நாள் லேப் எழுதியது: புற்று இல்லை.

பொன்னுத்தாய் வெளியே பெஞ்சில், பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகன் ஆட்டோ பிடித்து வந்துவிட்டான். அவளை வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் கையெழுத்துப் போட, சவரிமுத்து பேனாவைத் திறந்தார்.

"எந்த வழியாப் போனீங்க சார்?" என்றார் மெஹருன்னிசா.

ஸ்கேனைப் பார்த்து, கிளைக்கொரு தாளாக வழியை வரைந்து வைப்பது அங்கே வழக்கம். சவரிமுத்து ஏழு தாள்களையும் நீட்டினார்.

"இதுல உள்ளபடிதான் போனேன். லேபும் இல்லைங்குது. இன்னும் என்ன மேடம்?"

"ஸ்கேன் காலடியிலிருந்து பார்க்கிற படம். நீங்க நின்னது?"

"தலைமாட்டுல. அதுக்குத்தான் தாளையெல்லாம் திருப்பி வச்சேனே!"

மெஹருன்னிசா, திருப்பாமல் விட்டுப்போன ஏழாவது தாளை மட்டும் உருவி, திருப்பி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். இடம் வலமானது. நிழல் மறுபக்கக் கிளையில் இருந்தது.

சவரிமுத்து தான் போன கிளையைத் தாளில் விரலால் தொட்டார்.

"ஆனாலும், போன இடத்துல ஒண்ணுமில்லைங்கிறது உண்மைதானே?"

"உண்மைதான். நீங்க தட்டினது பக்கத்து வீடு. அங்கே யாருமில்லை."

வெளியே ஆட்டோ ஹார்ன் அடித்தது. பொன்னுத்தாய் எழுந்து நின்றாள்.

"இருங்கம்மா, போகாதீங்க!" சவரிமுத்து பேனாவை மூடினார். குரல் தணிந்தது. "அப்போ... அந்தம்மா சொன்னவ?"

"நீங்க தட்டினதைக் கேட்டுக்கிட்டு, சத்தம் காட்டாம உட்கார்ந்திருக்கா."